கிளஸ்டர் மக்கர் பண்ணும்போது எங்கிருந்து தேடுவது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

இது லினக்ஸில் பேஸ்மேக்கர் (எந்தச் சேவை எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது), கோரோசிங்க் (நோடுகள் ஒன்றோடொன்று பேசுவதைப் பார்த்துக்கொள்வது) இரண்டையும் வைத்து இரண்டு அல்லது மூன்று நோடுகளில், அதாவது சர்வர்களில், ஓடும் கிளஸ்டர்களுக்காக எழுதியது. கட்டளைகளை பிசிஎஸ் (கிளஸ்டரை நிர்வகிக்கும் கட்டளைக் கருவி) வழியில் சொல்கிறேன், சிஆர்எம் ஷெல் வைத்திருப்பவர்கள் அதற்கு இணையானதைப் போட்டுக்கொள்ளலாம். ஹை அவெய்லபிலிட்டி என்றால் என்ன என்ற பாடமெல்லாம் இதில் இல்லை. திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், ஹார்ட்வேர் மாற்றும் காரணம் கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்ப இந்தப் பழுதுகளைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: கிளஸ்டர் எதுவும் செய்யாமல் அப்படியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை, அடுத்த நோடு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று தெரியாமல் காத்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாம் அதை வலுக்கட்டாயமாக ஓடவிட்டால்தான் டேட்டா போகும். சேவை ஒரு மணி நேரம் நின்றால் திட்டு விழும், அவ்வளவுதான். டேட்டா இரண்டாகப் பிரிந்தால் வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கை வைப்பதற்கு முன்

எல்லா நோடுகளிலும் தனித்தனியாக நுழைந்து 'பிசிஎஸ் ஸ்டேட்டஸ் --ஃபுல்' போடுங்கள். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். நெட்வொர்க் அறுந்திருந்தால் ஒவ்வொரு நோடும் தன்னைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது என்றுதான் சொல்லும், இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது புரியும். அடுத்து 'கோரோசிங்க்-கோரம்டூல் -எஸ்', அதுவும் எல்லா நோடுகளிலும்.

லாகை எடுத்து வைப்பதற்கு முன் ரீபூட் செய்ய வேண்டாம். சில அமைப்புகளில் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் இருக்கும், ரீபூட் ஆனால் காணாமல் போகும். '/வார்/லாக்/ஜர்னல்' என்ற டைரக்டரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, இல்லையென்றால் உருவாக்கி வைத்துவிடுங்கள்.

நோடுகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். க்ரோனி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் சேவை) ஓடாமல் இரண்டு நோடுகளுக்கும் நாற்பது நொடி வித்தியாசம் இருந்தால் யார் யாரை முதலில் இழந்தார்கள் என்று லாகை வைத்துச் சொல்லவே முடியாது, மணிக்கணக்கில் தவறான பக்கம் தேடுவீர்கள்.

சேவை ஓடிக்கொண்டிருக்கிறது, கிளஸ்டர் மட்டும்தான் குழம்பியிருக்கிறது என்றால் 'மெயின்டெனன்ஸ்-மோட்' ட்ரூ என்று வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். ரிசோர்ஸ்களை (கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும் சேவை, ஐபி, டிஸ்க் போன்றவற்றை) அது தொடாது, நிறுத்தவும் செய்யாது. ஆனால் கண்காணிப்பும் நின்றுவிடும், எனவே வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஃபென்சிங்கை, அதாவது நிலை தெரியாத நோடை வலுக்கட்டாயமாக அணைத்து ஒதுக்கும் ஸ்டோனித்தை, அணைக்காதீர்கள். 'ஸ்டோனித்-எனேபிள்டு' ஃபால்ஸ் என்று போட்டால் எல்லாம் உடனே ஓட ஆரம்பிக்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். ஓடத்தான் செய்யும், இரண்டு நோடுகளிலும் ஓடும்.

அறிகுறி: ஒரு நோடு ஆஃப்லைன் என்று காட்டுகிறது, ஆனால் மெஷின் நன்றாக இருக்கிறது

முதலில் அந்த நோடில் கிளஸ்டர் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை ரீபூட் ஆன பிறகு தானாகத் தொடங்காமல் இருப்பது ரொம்ப சகஜம், ஏனென்றால் பல இடங்களில் வேண்டுமென்றே 'பிசிஎஸ் கிளஸ்டர் எனேபிள்' போடாமல் வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். ஏன் விழுந்தது என்று பார்த்துவிட்டு 'பிசிஎஸ் கிளஸ்டர் ஸ்டார்ட்' போட்டால் போதும்.

சேவை ஓடுகிறது, ஆனாலும் சேரவில்லை என்றால் ஃபயர்வால். கோரோசிங்க் பேசுவது யுடிபி 5405-இல், கூடுதல் லிங்க் வைத்திருந்தால் அடுத்தடுத்த எண்களிலும் பேசும். பிசிஎஸ் டீமன் பயன்படுத்துவது டிசிபி 2224. ஃபயர்வால்-டி வைத்திருந்தால் 'ஹை-அவெய்லபிலிட்டி' என்ற பெயரில் தயாராக ஒரு சேவையே இருக்கும், அதைச் சேர்த்துவிடலாம். இங்கே அடிக்கடி நடப்பது என்னவென்றால், நிறுவும்போது யாரோ விதியைத் தற்காலிகமாக மட்டும் சேர்த்திருப்பார்கள், நிரந்தரமாகச் சேர்த்திருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும், முதல் ரீபூட்டில் விதி காணாமல் போகும், நோடும் காணாமல் போகும்.

அதுவும் சரி என்றால் பெயர். '/ஈடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பில் மெஷினின் சொந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருந்தால் (டெபியன் வழி அமைப்புகளில் நிறுவும்போதே இப்படி எழுதிவிடும்) கோரோசிங்க் அந்த முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே யாருக்கும் அது கேட்காது. 'கோரோசிங்க்-சிஎஃப்ஜிடூல் -எஸ்' போட்டால் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்று முதல் சில வரிகளிலேயே தெரியும். கட்டமைப்புக் கோப்பில் பெயருக்குப் பதில் ஐபியையே எழுதிவிட்டால் இந்தத் தலைவலி ஒழிந்தது.

அடுத்து, 'கோரோசிங்க்.கான்ஃப்' கோப்பும் 'ஆத்கீ' கோப்பும் எல்லா நோடுகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று எம்டி5சம் போட்டு ஒப்பிடுங்கள். கண்ணால் ஒப்பிட வேண்டாம்.

இதற்கு மேல் போனால் நெட்வொர்க். பிங் போகிறதே என்று விட்டுவிடாதீர்கள், சின்ன பாக்கெட் போகும், பெரியது போகாது. எம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1500 என்றால் துண்டாக்காதே என்ற தேர்வோடு 1472 அளவில் பிங் போட்டுப் பாருங்கள், 9000 என்றால் 8972. அது தடுமாறினால் வழியில் ஏதோ ஒரு ஸ்விட்ச் போர்ட்டில் எம்டியூ மாறியிருக்கிறது. பிறகு 'ஈத்டூல் -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) போட்டுப் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் ஸ்விட்ச் போர்ட்டை மாற்றுங்கள், கடைசியாக நெட்வொர்க் கார்டு. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் எண்ணிக்கை ஏறுகிறது என்றால் நெட்வொர்க் ஆட்களைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி: 'அன்க்ளீன்' என்று காட்டுகிறது, எந்தச் சேவையும் இந்தப் பக்கம் வரவில்லை

எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகமாகப் பதறுவதும், பதற்றத்தில் தப்பான கட்டளையைப் போடுவதும் இந்த இடத்தில்தான். 'ஆஃப்லைன்' என்றால் அந்த நோடு ஒழுங்காகக் கிளம்பிப் போயிருக்கிறது, அல்லது ஃபென்ஸ் செய்து முடித்தாயிற்று. 'அன்க்ளீன்' என்றால் அதன் நிலை தெரியவில்லை, அதை ஃபென்ஸ் செய்ய வேண்டும், இன்னும் செய்ய முடியவில்லை. ஃபென்சிங் வெற்றி என்ற பதில் வரும்வரை உயிரோடிருக்கும் நோடு அந்தச் சேவைகளை எடுத்துக்கொள்ளாது. அது சரியான நடத்தை. எனவே தேட வேண்டியது சேவையில் இல்லை, ஃபென்சிங் ஏன் நடக்கவில்லை என்பதில்.

'பிசிஎஸ் ஸ்டோனித் ஹிஸ்டரி' போடுங்கள். தோல்வி என்று வரிசையாக வரும். பிறகு கிளஸ்டரை விட்டு வெளியே வந்து, 'ஃபென்ஸ்_ஐபிஎம்ஐலேன்' கட்டளையைக் கையாலேயே, செயல் என்ற இடத்தில் ஸ்டேட்டஸ் மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஆஃப், ரீபூட் எதுவும் இப்போது வேண்டாம்.

*கடவுச்சொல் தவறு என்று வந்தால்:* யாரோ பிஎம்சியின் (சர்வரைத் தூரத்திலிருந்தே அணைக்கவும் போடவும் உதவும், அதற்குள் இருக்கும் தனிச் சிப்பின்) கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள், கிளஸ்டரில் மாற்றவில்லை. பாதுகாப்புத் தணிக்கை முடிந்த வாரங்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இன்னொன்று, லேன்பிளஸ் தேர்வு இல்லாமல் இருப்பது. ஐபிஎம்ஐ 2.0 பேசும் இன்றைய பிஎம்சிகள் பலவும் அது இல்லாமல் பதிலே சொல்லாது.

*சாதனமே இல்லை என்று வந்தால்:* பெயர்ப் பொருத்தம். 'பிசிஎம்கே_ஹோஸ்ட்_மேப்'பில் நோடின் பெயரும் வெர்ச்சுவல் மெஷினின் பெயரும் சரியாகக் கோக்கப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். வெர்ச்சுவல் பக்கம் யாராவது மெஷினுக்குப் பெயர் மாற்றினால் கிளஸ்டருக்கு அது தெரியாது.

*டைம்அவுட் என்று வந்தால்:* பிஎம்சிக்கு இங்கிருந்து வழி இருக்கிறதா பாருங்கள். வழி இருந்தும் பதில் இல்லையென்றால் அந்த சர்வருக்கே மின்சாரம் போயிருக்கலாம். பிஎம்சி அதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது, சர்வர் இருட்டானால் அதுவும் இருட்டுதான். செத்துக் கிடக்கும் மெஷினைச் 'செத்தது' என்று சொல்ல ஆளில்லாமல் கிளஸ்டர் காத்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் மட்டும்தான் 'பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்' கட்டளைக்கு இடமுண்டு. அதைப் போட்டால் 'அந்த நோடு அணைந்துவிட்டது, நான் பார்த்தேன்' என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அதனால் முதலில் யாராவது ரேக்குக்கு நேரில் போய் அந்த சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்க வேண்டும். பிங் போகவில்லை என்பது சாட்சி ஆகாது. எஸ்எஸ்ஹெச் வரவில்லை என்பதும் ஆகாது. நெட்வொர்க் மட்டும் போய், உள்ளே டேட்டாபேஸ் நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கும் சர்வரும் வெளியிலிருந்து பார்த்தால் இப்படியேதான் தெரியும்.

நிலையான தீர்வு இரண்டாவது ஒரு ஃபென்சிங் அடுக்கு. ஐபிஎம்ஐ முதல் மட்டம், நெட்வொர்க் வழியாகக் கட்டுப்படுத்தும் பிடியூ (ரேக்கில் சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பட்டை) இரண்டாம் மட்டம். சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு பிடியூ அவுட்லெட்டையும் ஒன்றாக அணைத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும், ஒன்றை அணைத்துப் போட்டுவிட்டு மற்றதற்குப் போனால் சர்வர் அணையவே அணையாது. பிடியூ வாங்க வழியில்லை, பொதுவான டிஸ்க் இருக்கிறது என்றால் ஹார்ட்வேர் வாட்ச்டாக்கோடு (மெஷின் உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் டைமரோடு) எஸ்பிடி (பொது டிஸ்க் வழியாக ஃபென்ஸ் செய்யும் முறை) அமைப்பது நல்ல மாற்று.

மின்சாரம் இருக்கிறது, பிஎம்சியைத் தனியாக ரீசெட் செய்தும் பார்த்தாயிற்று, ஆனாலும் பதில் இல்லை என்றால் சர்வர் தயாரித்தவர்களின் சேவைப் பிரிவைக் கூப்பிடுங்கள். அந்த பிஎம்சி சரியாகும்வரை அந்த நோடைக் கிளஸ்டரில் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: நோடுகள் மாறி மாறி ரீபூட் ஆகின்றன

யார் சொல்லி ரீபூட் ஆனது என்பதை விழுந்த நோடின் லாகில் தேடாதீர்கள், அது தன் கடைசி நொடிகளை எழுதியிருக்கவே மாட்டாது. நின்றுகொண்டிருந்த நோடின் லாகில் தேடுங்கள். அங்கே ஃபென்சிங் கோரிக்கை இல்லையென்றால் இது ஃபென்சிங்கே இல்லை: வாட்ச்டாக், கர்னல் பேனிக் அல்லது மின்சாரம். அந்த வழி வேறு. பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைப் பார்க்க வேண்டும்.

*இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால்:* ஹார்ட்பீட் லிங்க் (நோடுகள் தாங்கள் உயிரோடிருப்பதைச் சொல்லிக்கொள்ளும் இணைப்பு) அறுந்து, பிஎம்சி நெட்வொர்க் மட்டும் நன்றாக இருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒரே நொடியில் சுட்டுவிட்டன. ஒரு நோடுக்கு 'பிசிஎம்கே_டிலே_பேஸ்' மூலம் சில நொடி அவகாசம் கொடுங்கள். இதில் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. தாமதத்தை எந்த நோடைச் சுடும் சாதனத்தில் வைக்கிறீர்களோ அந்த நோடுதான் பிழைக்கும். டேட்டாபேஸ் வழக்கமாக முதல் நோடில் ஓடுகிறது என்றால், முதல் நோடைச் சுடும் சாதனத்தில்தான் தாமதம் இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் 2.0.4-இலிருந்து 'ப்ரயாரிட்டி-ஃபென்சிங்-டிலே' என்று ஒன்று உண்டு. முக்கியமான ரிசோர்ஸ் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்கு அதுவே சாதகம் செய்யும், ரிசோர்ஸ்களுக்கு ப்ரயாரிட்டி மட்டும் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். முடிந்தால் இதையே வையுங்கள்.

தாமதம் வைத்தும் இரண்டும் விழுந்தால் ஏசிபிஐ (பவர் பட்டன் போன்றவற்றைக் கையாளும் மின்சார மேலாண்மை). பவர் பட்டனை அழுத்தியதாக நினைத்து ஆபரேட்டிங் சிஸ்டம் மரியாதையாக ஷட்டவுன் செய்ய ஆரம்பிக்கும், அந்த இடைவெளியில் அது திருப்பிச் சுட்டுவிடும். சிஸ்டம்டி லாகின்டி கோப்பில் 'ஹேண்டில்பவர்கீ' என்பதற்கு இக்னோர் என்று வையுங்கள். ஃபென்ஸ் செய்தால் உடனே, பட்டென்று அணைய வேண்டும்.

*ஒன்று எழுந்து மற்றதைச் சுட்டு, அது எழுந்து இதைச் சுட்டால்:* லிங்க் இன்னும் சரியாகவில்லை, எழுந்த நோடு தனியாகவே கோரம் (சேவைகளை ஓட்டத் தேவையான ஓட்டு எண்ணிக்கை) பெற்றுவிடுகிறது. 'டூ_நோட்: 1' என்று வைத்தாலே 'வெயிட்_ஃபார்_ஆல்' தானாக ஓடும், யாரோ அதை 0 என்று மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். திரும்ப எடுத்துவிடுங்கள். கிளஸ்டர் தானாகத் தொடங்குவதை இரண்டிலும் நிறுத்திவிட்டு, லிங்கைச் சரிசெய்து, கையால் தொடங்குங்கள்.

லிங்க் என்று வரும்போது, கோரோசிங்க் 3-இல் கேநெட் (அதன் நெட்வொர்க் போக்குவரத்து அடுக்கு) வழியாக எட்டு லிங்க் வரை வைக்கலாம், இரண்டு கட்டாயம் வையுங்கள். இரண்டும் ஒரே ஸ்விட்சில் போய்ச் செருகப்பட்டிருந்தால் அது ஒரு லிங்க்தான்.

அறிகுறி: பகலெல்லாம் ஒழுங்கு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் நோடு விழுகிறது

இந்த வகையில் பழுது கிளஸ்டரில் இருப்பது அபூர்வம். விழுந்த நேரங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள், அந்த நேரத்தில் என்ன வேலை ஓடுகிறது என்று பாருங்கள்: பேக்கப், ஸ்னாப்ஷாட், லைவ் மைக்ரேஷன், வைரஸ் ஸ்கேன்.

பிறகு கோரோசிங்க் லாகில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள். கோரோசிங்கின் முக்கிய ப்ராசஸ் இத்தனை மில்லிசெகண்ட் ஷெட்யூல் ஆகவில்லை என்று அதுவே சொல்லியிருக்கும். அந்த வரி இருந்தால் நெட்வொர்க் ஆட்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அவர்கள்மேல் தப்பில்லை. அந்த மெஷினே சில நொடி உறைந்து நின்றிருக்கிறது. வெர்ச்சுவல் மெஷின் என்றால் நினைவகத்தோடு சேர்த்து எடுக்கும் ஸ்னாப்ஷாட்டை நிறுத்துங்கள், அல்லது அந்த நேரத்துக்கு முன் நோடை ஸ்டாண்ட்பையில் போட்டு, கிளஸ்டர் சேவையையும் நிறுத்திவிட்டு எடுங்கள். நிஜ மெஷின் என்றால் ஸ்வாப் நிரம்புகிறதா, டிஸ்க் திணறுகிறதா என்று அந்த நேரத்து 'சார்' கருவியின் (மெஷினின் பளுவைப் பதிந்து வைக்கும் கட்டளை) பதிவைப் பாருங்கள்.

அந்த வரி இல்லாமல் 'ரீட்ரான்ஸ்மிட் லிஸ்ட்' என்று வரிசையாக ஓடியிருந்தால் பாக்கெட் தொலைகிறது. பேக்கப்பும் ஹார்ட்பீட்டும் ஒரே கம்பியில் போகின்றனவா? பிரியுங்கள்.

ஸ்விட்சைத் தொட்டால் மட்டும் விழுகிறது என்றால் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் ஸ்விட்ச்கள் தடுக்கும் முறை). பழைய வகையில் ஒரு போர்ட் மேலே வந்து டிராஃபிக்கை விடுவதற்கு 15 நொடி கேட்பதும் 15 நொடி கற்பதுமாக 30 நொடி ஆகும். டோக்கன் டைம்அவுட் (பதில் வராத நோடைப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதற்கு முன் காத்திருக்கும் நேரம்) அதுவரை தாங்காது: பழைய கோரோசிங்கில் இயல்பாக 1000 மில்லிசெகண்ட், 3.1-இலிருந்து 3000. சர்வர்கள் செருகியிருக்கும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடச் சொல்லுங்கள்.

டோக்கனை 5 அல்லது 10 நொடிக்கு ஏற்றுவதும் ஒரு வழிதான், செலவில்லாத வழி. உண்மையிலேயே நோடு செத்தால் அதைக் கண்டுபிடிக்கவும் அவ்வளவு நேரம் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு ஏற்றுங்கள். 30 நொடி, 60 நொடி என்று ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்றால் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள், அந்தக் கட்டத்தில் வெர்ச்சுவலைசேஷனையோ ஸ்டோரேஜையோ பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: கோரம் இல்லை என்கிறது

மூன்று நோடில் இரண்டு விழுந்திருந்தால் கேள்வியே இல்லை, அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒன்றை எழுப்புங்கள்.

எல்லா நோடும் இருந்தும் இல்லை என்றால் எதிர்பார்க்கும் ஓட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். எப்போதோ தூக்கிப்போட்ட நோடு இன்னும் பட்டியலில் இருக்கும். மெஷினை மட்டும் கழற்றிவிட்டு 'பிசிஎஸ் கிளஸ்டர் நோட் ரிமூவ்' போடாமல் விட்டால் இப்படி ஆகும்.

மொத்தமாக மின்சாரம் போய் வந்த பிறகு ஒரே ஒரு நோடு எழுந்து காத்துக்கொண்டிருந்தால் அது 'வெயிட்_ஃபார்_ஆல்'. மற்றதை எழுப்புங்கள். எழுப்பவே முடியாது என்று உறுதியானால் 'பிசிஎஸ் கோரம் அன்பிளாக்' உண்டு, ஆனால் முன்னே சொன்ன அதே விதி: கேபிளைப் பிடுங்கிய பிறகு.

இரண்டு நோடு கிளஸ்டரில் 'நோ-கோரம்-பாலிசி' இக்னோர் என்று இருந்தால், பழைய கையேடு எதிலிருந்தோ அப்படியே வந்திருக்கும். எடுத்துவிட்டு 'டூ_நோட்' பயன்படுத்துங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மூன்றாவது ஒரு இடத்தில், இந்த இரண்டு நோடும் ஓடும் ஹோஸ்ட்களில் இல்லாமல், சின்னதாக ஒரு கியூநெட்-டி (கூடுதலாக ஒரு ஓட்டு தரும்) சர்வர் வையுங்கள், டிசிபி 5403 திறந்தால் போதும். பெரிய சர்வர் தேவையில்லை.

அறிகுறி: ரிசோர்ஸ் எங்கேயும் தொடங்க மறுக்கிறது

'பிசிஎஸ் ரிசோர்ஸ் க்ளீனப்' போட்டுப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். காரணம் சரியாகாமல் அதைப் போட்டால் அதே தோல்வி திரும்ப வரும், பழைய பதிவு வேறு அழிந்துபோகும். முதலில் தோல்விப் பட்டியலில் வெளியேற்ற எண்ணைப் படியுங்கள். 5 என்றால் தேவையான மென்பொருளே அந்த நோடில் இல்லை, பெரும்பாலும் ஒரு நோடில் மட்டும் நிறுவியிருப்பார்கள். 6 என்றால் கட்டமைப்புப் பிழை. 7 என்றால் ஓடவில்லை, அதாவது தொடங்கிவிட்டுச் செத்திருக்கிறது. 1 என்றால் பொதுவான தோல்வி, அந்தச் சேவையின் சொந்த லாகில்தான் காரணம் இருக்கும். கிளஸ்டர் லாகில் எத்தனை நேரம் தேடினாலும் டேட்டாபேஸ் ஏன் எழவில்லை என்று இருக்காது.

குரூப்பில் இருந்தால் முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். வரிசையில் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் நின்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் 'ஸ்டாப்டு' என்றுதான் காட்டும், அவற்றில் பழுது இல்லை.

தொடக்க டைம்அவுட் போதாமல் இருப்பதும் நடக்கும். திடீரென்று விழுந்த பெரிய டேட்டாபேஸ் எழும்போது மீட்பு வேலையில் பல நிமிடம் எடுக்கும், ரிசோர்ஸுக்கு 20 நொடி கொடுத்திருந்தால் பாதியில் கொன்றுவிட்டு அடுத்த நோடில் முதலிலிருந்து தொடங்கும், அங்கேயும் கொல்லும். 'ஸ்டார்ட்-ஃபெயிலியர்-இஸ்-ஃபேட்டல்' இயல்பாகவே ட்ரூ என்பதால் இரண்டு நோடிலும் ஒரு தடவை தோற்றால் அதோடு சரி. போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன் வைத்திருப்பவர்கள் 'பிஜிஎஸ்க்யூஎல்.லாக்' என்ற பூட்டுக் கோப்பு பழைய ப்ரைமரியில் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருக்கும்வரை அந்த நோடில் தொடங்காது, அதை அழிப்பதற்கு முன் அந்த நோடின் டேட்டா பின்தங்கியிருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக நகலெடுங்கள்.

கடைசியாக 'பிசிஎஸ் ரிசோர்ஸ் டீபக்-ஸ்டார்ட்'. ஏஜென்ட் (ரிசோர்ஸைத் தொடங்கி, நிறுத்தி, கண்காணிக்கும் ஸ்கிரிப்ட்) என்ன செய்கிறது என்று வரிவரியாகக் காட்டும். கிளஸ்டரின் அனுமதி இல்லாமலேயே அது தொடங்கிவிடும் என்பதால் அடுத்த நோடில் ஓடவில்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: சேவையை நகர்த்தத்தான் சொன்னேன், நோடே ரீபூட் ஆகிவிட்டது

நிறுத்தல் தோற்றிருக்கிறது. ஒரு சேவை நின்றதா இல்லையா என்று தெரியாவிட்டால் அதை அடுத்த நோடில் தொடங்க முடியாது, எனவே மொத்த நோடையும் அணைத்துவிடும்.

நிறுத்தல் டைம்அவுட்தான் முதல் சந்தேகம். யாரும் எதுவும் எழுதாவிட்டால் பேஸ்மேக்கரின் இயல்பு 20 நொடி. வேலைப்பளு அதிகமான நேரத்தில் அந்தச் சேவையைக் கையால் நிறுத்தி எவ்வளவு ஆகிறது என்று அளந்து, அதன் இரண்டு மடங்கை வையுங்கள்.

அடுத்து, டிஸ்கை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது. 'ஃப்யூசர் -விஎம்' போட்டால் பெரும்பாலும் தெரியும், அந்த டைரக்டரிக்குள் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும் ஷெல், பேக்கப் ஏஜென்ட், கண்காணிப்பு மென்பொருள் என்று ஏதாவது ஒன்று. ஒன்றுமே காட்டவில்லை, ஆனாலும் பிஸி என்கிறது என்றால் கர்னல் பக்கம் பாருங்கள்: என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட் அதைப் பிடித்திருக்கும், ஃப்யூசருக்கு அது தெரியாது. கன்டெய்னர்கள் தங்கள் தனி மவுண்ட் நேம்ஸ்பேஸில் பிடித்திருப்பதும் உண்டு.

அறிகுறி: ரிசோர்ஸ் தன்னிஷ்டத்துக்கு நோடு மாறுகிறது, அல்லது ஒரு பக்கம் போகவே மாட்டேன் என்கிறது

'பிசிஎஸ் கான்ஸ்ட்ரெய்ன்ட் --ஃபுல்' போடுங்கள். 'சிஎல்ஐ-ப்ரிஃபர்' அல்லது 'சிஎல்ஐ-பேன்' என்று தொடங்கும் வரி இருந்தால், எப்போதோ யாரோ மூவ் கட்டளை கொடுத்ததன் மிச்சம் அது. 'பிசிஎஸ் ரிசோர்ஸ் க்ளியர்' போட்டால் போகும். புதிய பிசிஎஸ் பதிப்புகளில் மூவ் முடிந்ததும் அதுவே சுத்தம் செய்துவிடும், பழையவற்றில் செய்யாது.

அது இல்லையென்றால் ஸ்டிக்கினஸ், அதாவது ரிசோர்ஸ் இப்போது இருக்கும் நோடிலேயே ஒட்டியிருக்கக் கொடுக்கும் ஸ்கோர். 0 என்று இருந்தால் நோடு திரும்பி வந்ததும் ரிசோர்ஸும் திரும்பிப் போகலாம், அதனால் இரண்டாவது தடவை சேவை தடைபடும். 100 என்று வையுங்கள், இடம் குறித்த ஸ்கோர்கள் அதைவிடக் குறைவாக இருக்கட்டும். ஏன் அங்கே போனது என்று இன்னமும் புரியாவிட்டால் 'சிஆர்எம்_சிமுலேட் -எஸ்எல்' (சின்ன எஸ், பெரிய எல்) ஒவ்வொரு நோடுக்கும் ஸ்கோரை எண்ணாகவே காட்டும்.

அறிகுறி: ஃபெயில்ஓவர் ஒழுங்காக நடந்தது, ஆனால் பயனர்களால் நுழைய முடியவில்லை

கிளஸ்டர் பக்கம் எல்லாம் பச்சை. வெர்ச்சுவல் ஐபி (சேவையோடு சேர்ந்து நோடு மாறும் முகவரி) புது நோடில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த நோடிலேயே உட்கார்ந்து அந்த ஐபிக்குக் கனெக்ட் செய்து பாருங்கள். அதுவே தோற்றால் சேவை பழைய நோடின் சொந்த ஐபியில் காது வைத்திருக்கிறது, அல்லது இந்த நோடின் ஃபயர்வாலில் அந்த போர்ட் திறக்கவில்லை.

உள்ளிருந்து நுழைகிறது, வெளியிலிருந்து இல்லை என்றால் ஏஆர்பி (ஒரு ஐபி எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை). பக்கத்து ரூட்டர் இன்னும் பழைய மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. ஐபி ஏஜென்ட் எழும்போது தானாக அறிவிப்பு அனுப்பும், சில ஸ்விட்ச்களில் பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுத்துவிடும். அதே ஐபி வேறு ஏதாவது மெஷினில் இருக்கிறதா என்று 'ஏஆர்பிங் -டி' (பெரிய எழுத்து டி) வைத்துப் பாருங்கள். கிளவுடில் இந்த அறிவிப்பு பொதுவாக எடுபடாது, அங்கே அந்தந்த கிளவுடின் ஏபிஐ வழியாக முகவரியையோ ரூட்டையோ மாற்றும் ஏஜென்ட் அல்லது லோட் பேலன்சர் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் நுழைகிறார்கள், ஏற்கெனவே திறந்திருந்த அப்ளிகேஷன் மட்டும் தொங்குகிறது என்றால் கனெக்‌ஷன் பூல். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மறுமுனை இருக்கிறதா என்று விசாரிக்கவே ஆரம்பிக்கும். அப்ளிகேஷன் பக்கத்தில் இதைக் குறைக்க வேண்டும், கிளஸ்டரில் எதையும் தொட வேண்டியதில்லை. இதை அப்ளிகேஷன் எழுதியவர்களிடம் கொண்டு போங்கள்.

அறிகுறி: ஒரே சேவை இரண்டு நோடுகளிலும் ஓடுகிறது, அல்லது டிஆர்பிடி ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறது

டிஆர்பிடி என்பது இரண்டு நோடுகளின் டிஸ்கையும் நெட்வொர்க் வழியாக ஒன்றுபோல வைத்திருக்கும் மென்பொருள், ஸ்ப்ளிட் பிரெய்ன் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவிட்டன. மற்ற எல்லா அறிகுறிகளிலும் அவசரம் காட்டலாம், இதில் கூடாது. முதல் வேலை எழுதுவதை நிறுத்துவது. அப்ளிகேஷனை இரண்டு பக்கமும் நிறுத்துங்கள், பயனர்கள் காத்திருக்கட்டும்.

*பொதுவான டிஸ்கில் சாதாரண ஃபைல் சிஸ்டம், இரண்டு பக்கமும் மவுண்ட் ஆகியிருந்தால்:* எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே இதைத் தாங்காது. ஒவ்வொரு நொடியும் சேதம் கூடுகிறது, இரண்டு பக்கமும் உடனே அன்மவுண்ட் செய்யுங்கள், முடியாவிட்டால் ஒரு பக்கம் மின்சாரத்தையே எடுங்கள். அதன் பிறகு மூல டிஸ்கில் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். முதலில் அப்படியே முழு நகல், நகலில்தான் எந்தச் சோதனையும். பேக்கப் இல்லையென்றால் இங்கேயே நின்று டேட்டா மீட்பவரைக் கூப்பிடுங்கள்.

*டிஆர்பிடியில் ஒரு பக்கம் 'ஸ்டாண்ட்அலோன்' என்று நின்றால்:* இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதியிருக்கின்றன. எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும், அதை டிஆர்பிடியால் சொல்ல முடியாது. கடைசியாக எழுதிய பக்கம் என்று யோசிக்காமல் எடுக்காதீர்கள், பயனர்கள் எந்தப் பக்கத்தில் வேலை செய்தார்கள் என்பதுதான் கேள்வி. டேட்டாபேஸில் கடைசிப் பதிவுகளை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒப்பிட்ட பிறகு, தோற்கப்போகும் பக்கத்தையும் முழுதாகப் பேக்கப் எடுத்து ஓரமாக வையுங்கள். அதற்கப்புறம்தான் தோற்கும் பக்கத்தில் டிஸ்கனெக்ட், செகண்டரி, கடைசியாக 'டிஸ்கார்ட்-மை-டேட்டா' தேர்வோடு கனெக்ட். பிழைக்கும் பக்கமும் 'ஸ்டாண்ட்அலோன்' நிலையில் இருந்தால் அங்கே வெறும் கனெக்ட். எந்த சர்வரில் எதைத் தட்டுகிறீர்கள் என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், பெயரில் ஒரே ஒரு எண் மட்டும் வேறுபடும் இரண்டு நோடுகளில் இந்தக் கட்டளையை மாற்றிப் போட்டால் திரும்ப வழியில்லை. இரண்டு பக்கமும் இழக்க முடியாத பதிவுகள் இருந்தால் கனெக்டே செய்யாதீர்கள், அந்த டேட்டாபேஸைத் தெரிந்தவர் வந்து கையால் இணைக்கட்டும்.

மீட்ட பிறகு காரணம். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஃபென்சிங் அணைந்திருக்கிறது, யாரோ பார்க்காமல் கன்ஃபர்ம் கொடுத்திருக்கிறார்கள், அல்லது சேவை கிளஸ்டருக்கு வெளியிலும் தொடங்குகிறது. கடைசியது ரொம்ப எளிதாக நுழைந்துவிடும். சேவை சிஸ்டம்டியில் எனேபிள் ஆகியிருக்கும், மவுண்ட் எஃப்எஸ்டேப்பில் எழுதியிருக்கும். பேக்கேஜ் அப்டேட்டின்போது சில அமைப்புகளில் சேவை தானாகவே எனேபிள் ஆகித் தொடங்கிவிடும். கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு சேவையும் எல்லா நோடுகளிலும் டிசேபிள் என்று இருக்க வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதை ஒருமுறை சரிபாருங்கள். டிஆர்பிடிக்கு அதன் கட்டமைப்பிலேயே பேஸ்மேக்கரோடு பேசும் ஃபென்ஸ்-பியர் ஹேண்ட்லர் உண்டு, அதையும் வையுங்கள்.

ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் அவர் வருவதற்குள் 'சிஆர்எம்_ரிப்போர்ட்' ஓட்டி, பழுது தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து இப்போதுவரை எல்லா நோடுகளின் லாகையும் ஒரே கட்டாக எடுத்து வையுங்கள். அதோடு கடந்த ஒரு வாரத்தில் ஸ்விட்ச், ஃபயர்வால், கடவுச்சொல், அப்டேட் என்று யார் எதைத் தொட்டார்கள் என்ற பட்டியலும், பழுது வந்த பிறகு நீங்கள் தட்டிய கட்டளைகளும் நேரத்தோடு வேண்டும். ஷெல் ஹிஸ்டரியில் பொதுவாக நேரம் பதிவாகாது, எனவே தட்டத் தட்ட எழுதிக்கொண்டே வாருங்கள்.